மாத்திரையா, பழக்கத்தை மாற்றுவதா? தூக்கம் வராதவர் எதைத் தேர்வது

தூக்கம் வராதவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். போட ஆரம்பித்தால் பழகிவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். கவுன்சலிங்கிலேயே சரியாகிவிடும் என்று அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். மெலடோனின் வாங்கிப் போடு என்கிறான் தம்பி. நான் என்ன செய்யட்டும்? கேள்வி பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் வந்து சேரும் என்பது தனி விஷயம்.

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஆனால் யாருக்கு எது பொருந்தும் என்பதைத் தெளிவாகவே பிரித்துச் சொல்லிவிடலாம். அதற்கு முன், தூக்கமின்மை எப்படி வேர் பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது புரியாமல் சிகிச்சைகளை ஒப்பிட்டால் விலைப்பட்டியலைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

## தொடங்கியது ஒன்று, தொடர்வது வேறு

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் முன்வைத்த விளக்கம் இன்றும் இந்தத் துறையின் அடித்தளம். தூக்கமின்மைக்கு மூன்று அடுக்குக் காரணங்கள் உண்டு என்றார் அவர். முதலாவது ஒருவரின் இயல்பு: சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்பவர், எதையும் மனதில் போட்டு உருட்டுபவர். இரண்டாவது, தொடங்கிவைத்த சம்பவம்: வேலை போனது, அப்பாவின் அறுவைச் சிகிச்சை, பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. மூன்றாவது, தூக்கத்தை மீட்பதற்காக அவர் செய்யத் தொடங்கிய காரியங்கள்.

மூன்றாவதில்தான் சங்கதி இருக்கிறது. இரண்டு வாரம் சரியாகத் தூங்காதவர் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார். விடிந்த பிறகும் கொஞ்சமாவது கண்ணயர முடியுமா என்று எழாமல் கிடக்கிறார். மதியம் ஒரு மணி நேரம் தூங்கி ஈடுகட்டப் பார்க்கிறார். இரவில் மணி பார்த்து, இனிமேல் தூங்கினாலும் நான்கு மணி நேரம்தான் என்று கணக்குப் போடுகிறார். அப்பா குணமாகி வீடு திரும்பிவிடுகிறார். மகன் கல்லூரியில் சேர்ந்துவிடுகிறான். இந்தப் பழக்கங்கள் மட்டும் தங்கிவிடுகின்றன. மாதக்கணக்கில் விழித்தபடி கிடந்த படுக்கையைப் பார்த்தாலே மூளை உஷாராகிவிடுகிறது. சோபாவில் செய்தி பார்த்துக்கொண்டே தூங்கிவழிந்தவர், அறைக்குப் போய்த் தலையணையில் தலை வைத்த நொடியில் விழித்துக்கொள்வது இதனால்தான். அவர் உடம்பில் தூக்கத்துக்குப் பஞ்சமில்லை. அது அந்தக் கட்டிலில் வர மறுக்கிறது.

வாரத்துக்கு மூன்று இரவாவது, மூன்று மாதமாவது இப்படி நடந்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அதற்குக் குறைந்த காலமென்றால் கணக்கே வேறு. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு கோட்டை வைத்துத்தான் நடக்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து அளவுகோல்கள் போதும். இன்றிரவே பலன் கிடைக்குமா? ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நிற்குமா? தொடரவைக்கும் பழக்கங்களைத் தொடுகிறதா, அல்லது அவற்றின் மேல் போர்வை போர்த்துகிறதா? பகலில் அதற்கு என்ன விலை கொடுக்கிறோம்? வேண்டாமென்றால் எளிதில் விட்டுவிட முடியுமா? பணத்தை ஆறாவதாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே வெளியே தெரியும் விலைக்கும் உள்ளே இருக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை.

எந்த வழியைத் தேர்வதற்கு முன்பும் விலக்கிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. பலத்த குறட்டையும், இடையில் மூச்சு நின்று திணறி எழுவதும் இருந்தால் அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். படுத்ததும் கால்களில் ஏதோ ஊர்வதுபோல், அசைத்தே ஆகவேண்டும்போல் இருந்தால் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழவைக்கும் சர்க்கரை, ஆழ்ந்த மனச்சோர்வு ஆகியவற்றுக்குத் தனிச் சிகிச்சை வேண்டும். குறிப்பாக மூச்சுத்தடை இருப்பவருக்குத் தூக்க மாத்திரை ஆபத்தாகவே முடியலாம்.

## தூக்க மாத்திரை

முதல் அளவுகோலில் இதை மிஞ்ச எதுவுமில்லை. போட்ட அன்றே வேலை செய்யும். ஆனால் எவ்வளவு செய்யும் என்பதில் நம் எதிர்பார்ப்பு கொஞ்சம் வீங்கிப்போயிருக்கிறது. சோல்பிடெம் வகை மாத்திரைகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் நிறுவனங்கள் கொடுத்த ஆய்வுகளைத் திரட்டி 2012இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, ஆய்வகத்தில் அளந்தபோது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட இவை சராசரியாக 22 நிமிடம் முன்னதாகத் தூங்கவைத்தன என்று காட்டியது. 22 நிமிடம் அற்பமில்லை. எனினும், மாத்திரை போட்டால் அடித்துப்போட்டதுபோல் தூங்கலாம் என்ற எண்ணத்துக்கும் இதற்கும் தூரம் அதிகம். மீதிப் பலனில் ஒரு பங்கு, மாத்திரை போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்ற நிம்மதி தருவது. மனம் உடலை நடத்தும் விதத்துக்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

நம் ஊரில் அதிகம் எழுதப்படுபவை அல்பிரசோலம், குளோனசெபம், சோல்பிடெம். மூன்றும் ஒன்றல்ல. சோல்பிடெம் சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். குளோனசெபம் பாதி இறங்கவே ஒரு நாளுக்கு மேலாகும். காலையில் தலை கனப்பது அதனால்தான். பெண்களின் உடலில் சோல்பிடெம் மெதுவாகக் கரைவதைக் கண்டு, 2013இல் அமெரிக்காவில் அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்ற சம்பவங்களால் 2019இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அட்டையில் அச்சிடவும் உத்தரவிட்டார்கள்.

மறைந்திருக்கும் விலை மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, வயதானவர்கள். அறுபத்தைந்தைத் தாண்டியவர் நள்ளிரவில் பாத்ரூமுக்கு எழும்போது கால் தடுமாறி இடுப்பெலும்பு முறிந்தால், அந்த வீட்டின் அடுத்த ஓராண்டு அதோடு போய்விடும். இரண்டாவது, பழகிப்போவது. சில வாரங்களில் அதே அளவு போதாமல் போகலாம். மூன்றாவது, நிறுத்தும்போது வரும் எதிர்வீச்சு. திடீரென்று விட்டால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும். அதைக் கண்டு, மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது என்று முடிவுகட்டி மறுபடியும் தொடங்கிவிடுகிறார்கள். அது பழைய நோய் திரும்பியதல்ல. மருந்து விலகும்போது உடல் காட்டும் எதிர்வினை. நீண்ட நாள் அதிக அளவில் போட்டவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

அல்பிரசோலமும் சோல்பிடெமும் இந்தியாவில் எச்1 அட்டவணையில் இருப்பவை. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நோயாளி, மருத்துவர் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் ஒரே பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குபவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். முதலில் எழுதிக் கொடுத்த டாக்டர் இரண்டு வாரம் என்று மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். அதைச் சீட்டில் எழுதவில்லை, இவரும் கேட்கவில்லை.

இது நல்ல தேர்வாகும் நேரம்: சாவு வீடு, விபத்து, அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாட்கள் எனக் காரணம் கண்முன் இருந்து, காலமும் குறுகியதாக இருக்கும்போது. இரண்டு வாரம், மிஞ்சினால் நான்கு. எத்தனை நாள், எப்படி நிறுத்துவது என்ற இரண்டையும் சீட்டிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். எந்த நல்ல டாக்டரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

## நடத்தைச் சிகிச்சை

முழுப் பெயர் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மருத்துவர்கள் சி.பி.டி.ஐ என்பார்கள். கவுன்சலிங் என்றதும் மனம்விட்டுப் பேசுவது, ஆறுதல் கேட்பது என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். இது ஏறக்குறைய ஒரு கணக்குப் பாடம். ஆறிலிருந்து எட்டு அமர்வுகளில் முடியும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருந்துக்கு முன்பே இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் வழிகாட்டுதலே வெளியிட்டது.

என்ன செய்வார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பலரும் பெயரைக் கேட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே ஒதுக்கிவிடுகிறார்கள்.

முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்க நாட்குறிப்பு மட்டும். எப்போது படுத்தீர்கள், தோராயமாக எப்போது தூங்கினீர்கள், இடையில் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பதைக் காலையில் எழுதுவது. இரவில் மணி பார்த்து எழுதக் கூடாது, உத்தேசம் போதும். வைத்துக்கொள்வோம், ஒருவர் பத்து மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிறார். படுக்கையில் எட்டரை மணி நேரம். நாட்குறிப்பின்படி தூங்குவது சராசரி ஐந்தே முக்கால் மணி. அதாவது படுக்கையில் இருந்த நேரத்தில் 68 சதவீதம்தான் தூக்கம். இதைத் தூக்கத் திறன் என்கிறார்கள்.

அடுத்த கட்டம்தான் எல்லோரையும் அதிரவைக்கும். ஐந்தே முக்கால் மணிதானே தூங்குகிறீர்கள்? இனிப் படுக்கையிலும் அவ்வளவு நேரமே இருங்கள். காலை ஐந்தரைக்கு எழுவது, ஞாயிறு உட்பட, கட்டாயம். இரவு பதினொன்றே முக்கால் வரை படுக்கக் கூடாது. மதியத் தூக்கம் கிடையாது. தூங்கவே முடியவில்லை என்று வந்தவரிடம் படுக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்வது கொடுமையாகத்தான் தெரியும். முதல் வாரம் அப்படித்தான் இருக்கவும் செய்யும். ஆனால் தூக்கப் பசி ஏற ஏற, படுத்தவுடன் தூக்கம் பிடிக்கத் தொடங்கும். ஒரு வாரத்தின் திறன் 85 சதவீதத்தைத் தாண்டினால் படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னால் நகர்த்துவார்கள்: பதினொன்றரை. அடுத்த வாரமும் தாண்டினால் பதினொன்றேகால். இப்படியே. எவ்வளவு குறைவாகத் தூங்குபவராக இருந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே பொதுவாக இறக்குவதில்லை.

இதோடு சேர்ந்து வருவது அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த விதிகள். தூக்கம் வந்தால்தான் படுக்கைக்குப் போவது. படுத்து இருபது நிமிடம்போல் ஆகியும் வரவில்லை என்றால் எழுந்து வெளியே வந்துவிடுவது. மறுபடி கண் சொருகும்போதுதான் திரும்புவது. படுக்கையில் போன், டி.வி., கணக்கு வழக்கு எதுவும் கூடாது. பாய் விரித்துப் படுத்து, காலையில் சுருட்டி மூலையில் சாத்திய தலைமுறைக்கு இந்தக் கடைசி விதியைச் சொல்லித்தர வேண்டிய தேவையே இருந்திருக்காது. படுக்கை என்ற ஒன்று பகலில் இல்லவே இல்லை!

மூன்றாவது, எண்ணங்களைச் சோதிப்பது. இன்று தூங்காவிட்டால் நாளை வேலையில் எல்லாம் சொதப்பிவிடும் என்பது மனதின் தீர்ப்பு. நாட்குறிப்பைப் புரட்டி, மோசமாகத் தூங்கிய நாட்களில் நிஜமாகவே என்ன நடந்தது என்று பார்க்கவைப்பார்கள். களைப்பு இருந்திருக்கும், அன்றைய நாள் எப்படியோ ஓடியும் இருக்கும். தூங்கியே ஆக வேண்டும் என்ற முயற்சிதான் விழிக்கவைக்கிறது என்பது ஒருவருக்கு உறைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது அளவுகோல்களுக்கு வருவோம். இன்றிரவே பலன்? இல்லை. முதல் இரண்டு வாரம் இன்னும் மோசமாகவே இருக்கலாம். ஆனால் இரண்டாவது அளவுகோலில் இது மாத்திரையை விட்டு விலகி முன்னே போய்விடுகிறது. கனடிய உளவியலாளர் சார்லஸ் மோரின் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி 65 வயதான 78 பேரை நான்காகப் பிரித்து நடத்தைச் சிகிச்சை, தெமாசெபம் என்ற தூக்க மாத்திரை, இரண்டும், வெற்று மாத்திரை என்று கொடுத்தார்கள். சிகிச்சை முடியும்போது முதல் மூன்று குழுவினருமே தேறியிருந்தார்கள். இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது முன்னேற்றத்தைத் தக்கவைத்திருந்தவர்கள் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களிடம் அது நிற்கவில்லை.

இன்னொரு எண் பலரை யோசிக்கவைக்கும். இருபது சோதனைகளைத் தொகுத்து 2015இல் வெளியான பகுப்பாய்வின்படி, நடத்தைச் சிகிச்சைக்குப் பிறகு தூக்கம் பிடிக்க ஆகும் நேரம் சராசரி 19 நிமிடமும், இடையில் விழித்துக் கிடக்கும் நேரம் 26 நிமிடமும் குறைந்தன. மொத்தத் தூக்கம் கூடியதோ எட்டு நிமிடம்கூட இல்லை! எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று எண்ணிக்கொண்டு போகிறவருக்கு இது கசப்பான செய்தி. இது தரும் லாபம், துண்டு துண்டான தூக்கம் ஒரே கட்டாக மாறுவதும், படுக்கையைக் கண்டு வரும் பயம் போவதும்தான். என்னைக் கேட்டால் அது போதுமான லாபம்.

தூக்கத்தோடு நில்லாமல் மனதையும் இது தொடுகிறது. தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்பது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தி. அப்படியானால் தூக்கத்தைச் சரிசெய்தால் மனச்சோர்வைத் தடுக்க முடியுமா? 2022இல் அமெரிக்க மனநல மருத்துவர் மைக்கேல் இர்வின் குழு வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கேட்டது. தூக்கமின்மை இருந்த, ஆனால் மனச்சோர்வு இல்லாத, அறுபதைத் தாண்டிய 291 பேர். பாதிப் பேருக்கு நடத்தைச் சிகிச்சை. மீதிப் பேருக்குத் தூக்கம் பற்றிய பாடம். மூன்றாண்டில் பாடம் கேட்டவர்களில் 25.9 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு வந்தது; சிகிச்சை பெற்றவர்களில் 12.2 சதவீதம். படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் மாற்றியதால் மனநோய் ஒன்று பாதியாகக் குறைந்திருக்கிறது.

இதன் மறைந்திருக்கும் விலைகளையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் குறைவு, இருப்பவர்களும் பெருநகரங்களில்தான். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடம் போகும்போது, சி.பி.டி.ஐ தனியாகத் தெரியுமா, நாட்குறிப்பு வைத்துச் செய்வீர்களா என்று நேராகவே கேளுங்கள். இரண்டாவதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம். தனியாரிடம் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும் இடங்கள் உண்டு. மனநலச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொன்னாலும், ஆஸ்பத்திரியில் தங்காமல் எடுக்கும் சிகிச்சையைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை.

அதைவிடப் பெரிய விலை வீட்டுக்குள் இருக்கிறது. ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டில், நள்ளிரவில் எழுந்து வெளியே வா என்றால் எங்கே போவது? விளக்கைப் போட்டால் குழந்தை எழுந்துவிடும். மருமகள் ஒரு மணிக்கு அடுக்களையில் தனியாக உட்கார்ந்திருந்தால் மறுநாள் அது ஒரு விசாரணையாகும். அறையை விட்டு வரத் தேவையில்லை, படுக்கையை விட்டு வந்தால் போதும். சுவரோரம் ஒரு நாற்காலி, மங்கலான விளக்கு, முன்பே படித்த ஒரு புத்தகம் போதுமானவை. ஆனால் தொடங்குவதற்கு முன் வீட்டாரிடம் ஆறு வாரத்துக்கு இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடுவது நல்லது. மதியத் தூக்கமும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் போவதில் முணுமுணுப்பவர் நோயாளி மட்டுமாக இருக்க மாட்டார்.

இது நல்ல தேர்வாகும் நேரம்: மூன்று மாதத்தைத் தாண்டிய தூக்கமின்மை. வயதானவர்கள். மாத்திரை பல போடுபவர்கள். தவிர்க்க வேண்டியவர்கள்: இருமுனை மனநோய் அல்லது வலிப்பு உள்ளவர்களும், தூக்கத்தில் நடப்பவர்களும் படுக்கை நேரத்தைக் குறைக்கும் பகுதியைத் தாங்களாகச் செய்யவே கூடாது. தூக்கக் குறைவு இருமுனை நோயில் பித்தநிலையை, அதாவது கட்டுக்கடங்காத பரபரப்பு நிலையை, தூண்டிவிடும். லாரி, பஸ், ஆட்டோ ஓட்டுபவர்களும் இயந்திரத்தில் வேலை செய்பவர்களும் முதல் சில வாரங்களுக்கு விடுப்போ மாற்று வேலையோ கிடைத்தால் மட்டுமே தொடங்க வேண்டும்.

## செயலி வழியாக அதே சிகிச்சை

ஆள் கிடைக்காத ஊரில் இது நிஜமான மாற்று. எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் ஸ்லீப்பியோ என்ற செயலியை மாத்திரைக்குப் பதிலாகப் பரிந்துரைத்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை வெளியிட்ட இன்சோம்னியா கோச் இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலம் தடையில்லாதவர்களுக்கு நாட்குறிப்பையும் கணக்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பிரச்சினை பாதியில் விட்டுவிடுவது. பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் 3,755 மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் இணையவழிச் சிகிச்சை தூக்கத்தைச் சீராக்கியது. சந்தேக எண்ணங்களைக்கூடக் குறைத்தது. ஆனால் ஆறு அமர்வுகளையும் முடித்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. மேற்பார்க்க ஆளில்லாத முதல் கடினமான வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறோம். ஒழுங்காக நாட்குறிப்பு எழுதக்கூடியவரா நீங்கள் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். கையில் கட்டும் கடிகாரம் காட்டும் தூக்க மதிப்பெண்ணைத் தினமும் பார்த்துப் பதறும் சுபாவம் இருந்தால், கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குவது உத்தமம்.

## வீட்டு வழிகளும் கடையில் வாங்குபவையும்

வெதுவெதுப்பான பால், இருட்டான அறை, மாலைக் காபியை நிறுத்துவது: இவை கெடுதல் இல்லாதவை. காபியின் காஃபின் பாதி குறையவே ஐந்து மணி நேரம்போல் ஆகும் என்பதால் ஆறு மணி டிகிரி காபிக்கு நிச்சயம் பங்குண்டு. ஆனால் நாள்பட்டுப்போனவருக்கு இவை மட்டும் போதாது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2021இல் இவற்றை மட்டும் தனிச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றே சொன்னது.

இரவில் உடலே சுரக்கும் ஹார்மோனான மெலடோனின், விமானப் பயணத்தில் நேரம் மாறியவருக்கும், விடியற்காலை மூன்று மணிக்குத்தான் தூக்கமே வரும் இளைஞருக்கும் உதவலாம். சாதாரணத் தூக்கமின்மைக்குப் பெரிதாகப் பயனில்லை. கனடாவில் விற்ற 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, உள்ளே இருந்த அளவு அட்டையில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவிலிருந்து 478 சதவீதம் கூடுதல் வரை இருந்தது. அஸ்வகந்தா எனப்படும் அமுக்கராவுக்குச் சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிகிறது. ஈரல் பாதித்த நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. சளிக்கும் அரிப்புக்கும் தரும் பழைய வகை அலர்ஜி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுவது சில நாளில் பலன் இழக்கும். முதியவர்களுக்குக் குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு என்று வேறு வேலைகளைச் செய்யும். மது சீக்கிரம் தூங்கவைத்து விடியற்காலையில் எழுப்பிவிடும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கும்.

## ஒரே பார்வையில்

| | மாத்திரை | நடத்தைச் சிகிச்சை, நேரில் | செயலி | வீட்டு வழிகள் |
|---|---|---|---|---|
| பலன் தெரிய | அன்றிரவே | 2 முதல் 4 வாரம் | 3 முதல் 6 வாரம் | நிச்சயமில்லை |
| பிறகும் நிற்பது | நிறுத்தினால் போகும் | ஆண்டுக்கணக்கில் நிற்கும் | முடித்தால் நிற்கும் | நாள்பட்டதில் அரிது |
| பழக்கத்தைத் தொடுவது | இல்லை | அதுதான் வேலையே | ஆம் | மேலோட்டமாக |
| பகல் விலை | மந்தம், தடுமாற்றம் | முதல் வாரங்களில் களைப்பு | அதேதான் | பொதுவாக இல்லை |
| விடுவது | படிப்படியாக மட்டும் | சிக்கலில்லை | சிக்கலில்லை | சிக்கலில்லை |
| கைச்செலவு | மிகக் குறைவு | அதிகம் | இலவசமும் உண்டு | குறைவு |

## இரண்டையும் சேர்த்தால்?

மாத்திரையா சிகிச்சையா என்று எதிரெதிராக நிறுத்துவதே பாதித் தவறு. மோரின் குழு 2009இல் 160 பேரிடம் செய்த ஆய்வில், நீண்டகாலத்தில் மிக நன்றாக இருந்தவர்கள் முதல் ஆறு வாரம் சிகிச்சையோடு சோல்பிடெமும் எடுத்து, பிறகு மாத்திரையை நிறுத்திச் சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்கள். முதல் வாரங்களின் கடுமையை மாத்திரை தாங்கிக்கொள்கிறது. அதற்குள் பழக்கம் மாறிவிடுகிறது. எப்போது நிறுத்துவது என்பது தொடங்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

## யார் எதை எடுக்கலாம்

ஒரு மாதமாகத்தான் தூக்கம் கெட்டிருக்கிறது, காரணமும் தெரிகிறது என்றால் முதலில் ஒன்றை மட்டும் செய்யுங்கள்: எவ்வளவு மோசமாகத் தூங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள், சீக்கிரம் படுத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். தாங்க முடியாவிட்டால் சில நாள் மாத்திரை. பெரும்பாலும் இது தானாகவே அடங்கும்.

மூன்று மாதம் தாண்டிவிட்டது, நடுத்தர வயது, நகரத்தில் இருக்கிறீர்கள் என்றால் நேரில் சிகிச்சை. செலவு தடையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் கேளுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலும் பேசலாம். போகும்போது இரண்டு வார நாட்குறிப்பைக் கையோடு கொண்டுபோனால் முதல் அமர்வு மிச்சமாகும்.

இரவுப் பணியில் இருப்பவருக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுகிறவரிடம் நிலையான எழும் நேரம் கேட்க முடியாது. அவர்களுக்கு முதல் சிகிச்சை, ஷிஃப்ட் அடிக்கடி மாறாமல் பார்த்துக்கொள்ள மேலதிகாரியிடம் பேசுவதுதான்.

தூக்கமில்லாததோடு எதிலும் பிடிப்பில்லாமல் போய், உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வருகிறதென்றால் இந்த ஒப்பீட்டை மூடிவைத்துவிட்டு இன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அதே 14416க்கு அழையுங்கள்.

கடைசியாக, பல ஆண்டாக அரை மாத்திரை போட்டுவரும் அம்மா, மாமனார்களுக்கு. இதைப் படித்துவிட்டுப் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து எறியும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே அழைத்துப்போய், சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் அட்டவணை வாங்குங்கள். மாதக்கணக்கில் ஆகலாம். குறைக்கத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே எழும் நேரத்தை நிலைப்படுத்தி, மதியத் தூக்கத்தை நிறுத்தியிருந்தால் இறங்குவது எளிதாகும். ஒரு கட்டத்தில் தூக்கம் கெட்டால் அந்த அளவிலேயே இன்னும் சில வாரம் நிற்கலாம். மேலே ஏற வேண்டியதில்லை. கால் மாத்திரையில் வந்து நின்றுவிட்டாலும் பரவாயில்லை. இரவில் பாத்ரூமுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கை இன்றே மாட்டிவிடுங்கள்.